கைபேசியில் பயணம் – 11: இருபத்தைந்தாம் மணிக்கு வரும் பஸ்

பஸ்ஸை வேகமாக ஓட வைக்க எந்தச் செயலியாலும் முடியாது. நிறுத்தத்தில் கால்கடுக்க நிற்கும் நேரத்தைத்தான் அதனால் குறைக்க முடியும். அந்த நேரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தடத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வருகிறது என்று வைத்துக்கொண்டால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக 10 நிமிடம் நிற்பார். அதே பஸ்கள் நெரிசலில் மாட்டி, இரண்டிரண்டாகச் சேர்ந்து 40 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் சராசரி 20 நிமிடமாக ஏறிவிடும். ஓடும் பஸ்களில் ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனால் காத்திருப்பு இரட்டித்துவிட்டது. வீட்டை விட்டு எப்போது கிளம்பினால் போதும் என்று சொல்லும் செயலி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

இணையம் கிடைக்காத இடத்துக்கு வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் விவரம் சென்ற இதழோடு முடிந்தது. பஸ், ரயில் இரண்டும் இந்த வாரம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பஸ் முதலில்.

‘8.42-க்கு வரும்’ என்று செயலி காட்டும்போது அந்த 8.42 இரண்டு இடங்களில் ஒன்றிலிருந்து வந்திருக்கும். ஒன்று, போக்குவரத்துக் கழகம் எழுதி வைத்த கால அட்டவணை. மற்றது, பஸ் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்ற நேரடித் தகவல். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குச் செயலியால் கிடைக்கும் பயன் இரண்டு மடங்கு. அதனால் இரண்டையும் தனித்தனியே பார்ப்பது நல்லது.

அட்டவணையின் கதை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்ட் நகரில் தொடங்குகிறது. அங்கே பஸ்ஸும் இலகு ரயிலும் ஓட்டும் அமைப்பு ட்ரைமெட். அதன் கணினிப் பிரிவில் பணியாற்றிய பிபியானா மெக்ஹ்யூ வெளியூர் போகும்போதெல்லாம் ஒரு சிக்கலைச் சந்தித்தார். காரில் போக வழி கேட்டால் இணையம் நொடியில் சொல்லிவிடும். பஸ்ஸில் போக வழி கேட்டால் ஒவ்வொரு ஊரிலும் அந்தந்தப் போக்குவரத்து அமைப்பின் இணையதளத்தைத் தேடிப் பிடித்து, அதன் முறையைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அவர் கூகுளை அணுகினார். அங்கே பொறியாளர் கிறிஸ் ஹாரெல்சன், வேலை நேரத்தில் சொந்த முயற்சிகளுக்கென்று நிறுவனம் ஒதுக்கியிருந்த பங்கில், இதே எண்ணத்தை ஏற்கெனவே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ட்ரைமெட் தன் அட்டவணைகளைக் கொடுத்தது. 2005 டிசம்பரில் கூகுள் ட்ரான்சிட் போர்ட்லேண்ட் என்ற ஒரே ஊரோடு வெளிவந்தது. அடுத்த ஆண்டு சியாட்டில், ஹொனலூலு, பிட்ஸ்பர்க் போன்ற ஊர்கள் சேர்ந்தன. அட்டவணையை எழுதும் முறையும் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டது. அதுதான் இன்று ஜி.டி.எஃப்.எஸ். என்ற பெயரில் உலகெங்கும் பரவியிருக்கிறது. ஒரே முறையில் எல்லா ஊரும் எழுதுவதால்தான் சிட்டிமேப்பர், மூவிட் போன்ற செயலிகளால் ஊருக்கு ஊர் புதிய மென்பொருள் எழுதாமல் பரவ முடிந்தது. பயணச் செயலிகளின் வரலாற்றில் பளபளப்பான திரைகளைவிட இந்தப் பொது எழுத்துமுறைக்கே முதல் மரியாதை சேர வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் எளிமை வியக்க வைக்கும். காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட சாதாரண எழுத்துக் கோப்புகள் சிலவற்றை ஒரே பொதியாகச் சுருக்கி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஒரு கோப்பில் நிறுத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு. இன்னொன்றில் தடங்கள். மற்றொன்றில் ட்ரிப்புகள். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்குப் போகும் 29சி ஒரு தடம் என்றால், அதில் காலை முதல் இரவு வரை ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் தனி ட்ரிப். நான்காவது கோப்பு எந்த ட்ரிப் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று வரி வரியாகச் சொல்லும். சாலையின் இரு பக்கமும் ஒரே பெயரில் நிறுத்தம் இருந்தால் கோப்பில் அவை இரண்டு நிறுத்தங்கள். செயலி காட்டும் நடைக்கோடு சாலையைக் கடக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் போகிறவர், எதிர்த்திசை பஸ்ஸை வேடிக்கை பார்த்துவிட்டுத் தன் பஸ்ஸைத் தவறவிடுவது இதனால்தான்.

நான்காவது கோப்பில்தான் அருமையான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அதில் 25:30:00 என்று ஒரு நேரம் இருக்கலாம். பிழையல்ல, விதியே அப்படித்தான். சனிக்கிழமை இரவு 11.40-க்குக் கிளம்பும் கடைசி பஸ் நள்ளிரவைத் தாண்டி 12.25-க்குக் கடைசி நிறுத்தத்தை அடைகிறது. அதை 00:25 என்று எழுதினால், கிளம்புவதற்கு 23 மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் போட்டால் ஒரே ஓட்டம் இரண்டு நாளாக உடைந்துவிடும். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அது சனிக்கிழமை டூட்டி, பயணிக்கும் சனிக்கிழமை இரவுதான். அதனால் நாள் முடிந்தாலும் மணியை நிறுத்தாமல் 24:25 என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். விடியற்காலை ஒன்றரைக்கு வரும் பஸ்ஸுக்கு இருபத்தைந்தரை மணி. ஜப்பானில் இந்த வழக்கம் வெகு இயல்பு. பின்னிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை 25 மணி, 26 மணி என்றே அங்கே அறிவிப்பார்கள்.

விதியை எழுதியவர்கள் இன்னும் ஒரு படி மேலே யோசித்திருக்கிறார்கள். இந்த மணியை எங்கிருந்து எண்ணுவது? நள்ளிரவிலிருந்து என்று சொல்லவில்லை, ‘நண்பகலுக்கு 12 மணி நேரம் முன்பிருந்து’ என்கிறது விதி. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இந்தியாவில் ஒன்றுதான். அமெரிக்காவில் ஆண்டுக்கு இரண்டு நாள் அப்படி இல்லை. மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு விடியற்காலை 2 மணிக்குக் கடிகாரத்தை 3-க்குத் தள்ளிவிடுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு 2 மணியை மீண்டும் 1 ஆக்குவார்கள். மார்ச்சில் அந்த ஒரு நாளுக்கு 23 மணி நேரம், நவம்பரில் 25. மார்ச் ஞாயிறன்று நள்ளிரவிலிருந்து 8 மணி நேரம் எண்ணினால் ஊர்க் கடிகாரம் 9 காட்டும், காலை 8 மணி பஸ் போயே போயிருக்கும். நண்பகலிலிருந்து பின்னோக்கி 12 மணி எண்ணி அதைத் தொடக்கமாக வைத்தால் அந்தத் தொடக்கம் முந்தைய இரவு 11-க்குப் போய் உட்காரும். அங்கிருந்து 8 மணி நேரம் எண்ணினால் ஊர்க் கடிகாரத்தில் சரியாகக் காலை 8. ஞாயிறு காலை கோயிலுக்கோ வேலைக்கோ கிளம்பும் ஒருவர் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்பதற்காக ஒரு நாளின் தொடக்கத்தையே நண்பகலில் கட்டி வைத்திருக்கிறார்கள். பொதுப் பயன்பாட்டுக்கான விதி எழுதுகிற எவரும் படிக்க வேண்டிய வரி இது.

நள்ளிரவுக் குழப்பம் இந்தியப் பயணிக்குப் புதிதல்ல. 15-ஆம் தேதி 00:10-க்கு ரயில் என்றால் 14-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்று, ரயில் முந்தைய இரவே போய்விட்டது என்று தெரிந்து திரும்பியவர்கள் ஏராளம். டிக்கெட்டில் ‘14 இரவு’ என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தால் எத்தனையோ குடும்பங்களின் பணமும் அலைச்சலும் மிச்சமாகும்.

ஒவ்வொரு போக்குவரத்து அமைப்பும் தான் எந்த ஊர் நேரத்தைப் பின்பற்றுகிறது என்று கோப்பில் அறிவிக்க வேண்டும் என்பதும் விதி. இந்த ஏற்பாட்டுக்குச் சென்னை மூத்த முன்னோடி. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் தனித்தனி ஊர் நேரம் இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. நுங்கம்பாக்கம் வான் ஆய்வகத்தை அடிப்படையாகக் கொண்ட அந்த நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் வந்தபோது 9 நிமிடம் கூடி ஐந்தரை மணி ஆனது.

இனி நேரடித் தகவல். பஸ்ஸில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவி, சிம் கார்டு வழியே தன் இடத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை அனுப்புகிறது. 2011-இல் இதற்கும் ஒரு பொது முறை வந்தது. வண்டி எங்கே இருக்கிறது, ட்ரிப் எவ்வளவு தாமதம், எந்த நிறுத்தம் மூடப்பட்டிருக்கிறது என்று மூன்று வகைச் செய்திகள் அதில் போகும். இருக்கும் இடம் தெரிந்தால் வரும் நேரம் தெரிந்துவிடாது. இடையிலுள்ள தூரத்தை அந்த வேளையின் வழக்கமான வேகத்தோடு சேர்த்துக் கணக்கிட்டுத்தான் ‘4 நிமிடம்’ என்று செயலி சொல்கிறது. முன்னால் ஒரு சிக்னலில் பஸ் நின்றுவிட்டால் அந்த 4 நிமிடம் கரையாமல் அப்படியே நிற்கும்.

இதை அறிந்தவர் திரையில் மூன்று இடங்களைக் கவனிப்பார். முதலாவது, நேரத்தின் நிறமும் குறியும். பெரும்பாலான செயலிகள் நேரடித் தகவலை வேறு நிறத்திலோ சிறு அலைக்குறியோடோ காட்டும். வெறுமனே கறுப்பில் இருந்தால் அது அட்டவணை நேரம், அந்த பஸ் இன்று டிப்போவை விட்டே கிளம்பாமலும் இருக்கலாம். இரண்டாவது, வரைபடத்தில் பஸ் புள்ளி கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பது. பல நிமிடங்களுக்கு முந்தையது என்றால் கருவியோ சிக்னலோ விட்டுப்போயிருக்கிறது. மூன்றாவது, பஸ் புறப்படும் நிலையத்திலேயே நிற்கிறதா என்பது. டெர்மினஸில் நிற்கும் பஸ் எப்போது கிளம்பும் என்பது டீ குடிக்கப் போன நடத்துநர் திரும்பி வருவதையும் பொறுத்தது, அதை எந்தக் கணக்கும் பிடிக்காது. அந்த பஸ் இரண்டு நிறுத்தம் நகர்ந்த பிறகு வரும் கணிப்பை நம்பி வீட்டைப் பூட்டலாம்.

இந்தியாவில் 2018 திருப்புமுனை ஆண்டு. கொச்சி மெட்ரோ தன் அட்டவணையை இந்தப் பொது முறையில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதே ஆண்டு டெல்லி அரசும் ஐ.ஐ.ஐ.டி. டெல்லியும் சேர்ந்து நகர பஸ்களின் நேரடி இருப்பிடத்தைத் திறந்த தரவாக வெளியிட்டன. தகவலைப் பூட்டி வைத்துக்கொண்டு ஒரே ஒரு சொந்தச் செயலியை மட்டும் விடும் அமைப்புகளைவிட, கொச்சியும் டெல்லியும் பயணிக்குச் செய்த நன்மை பெரியது. பயணி ஏற்கெனவே பயன்படுத்தும் செயலிக்குள்ளேயே பஸ் வந்துவிடுகிறது.

சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ‘சென்னை பஸ்’ செயலி பஸ் இருக்குமிடத்தைக் காட்டத் தொடங்கியது. 2025 செப்டம்பர் 22 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்த ‘சென்னை ஒன்று’ அடுத்த கட்டம். கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் கொண்டுவந்த இந்தச் செயலியில் மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் மின்சார ரயில் மூன்றுக்கும் வழி பார்த்து, க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம். ஆட்டோ, கேப் அழைக்கவும் இடமுண்டு. இதில் மிச்சமாகும் நேரம் இரண்டு வகை. மெட்ரோவிலிருந்து இறங்கி பஸ் பிடிக்கும் இடத்தில் இன்னொரு செயலியைத் திறக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் சில்லறைக்காக நடத்துநரோடு மல்லுக்கட்ட வேண்டியதும் இல்லை. கூட்டத்தில் ஏறிய பிறகு கைபேசியை வெளியே எடுப்பதைவிட, நிறுத்தத்தில் நிற்கும்போதே செயலியைத் திறந்து, பணம் செலுத்தும் கணக்கையும் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

ரயிலுக்கு ஒதுக்கிய இடத்தை இருபத்தைந்தாம் மணி எடுத்துக்கொண்டுவிட்டது. வெளியூர்ப் பயணத்துக்கு உடனே தேவைப்படும் ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடலாம். ரயில் இருப்பிடம் காட்டும் செயலிகள் ரயில் எண்ணோடு ‘புறப்பட்ட தேதி’ ஒன்றையும் கேட்கும். டெல்லியிலிருந்து இரவு கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மறுநாள் முழுதும் ஓடி, அதற்கும் மறுநாள் காலை சென்னை சேர்கிறது. எனவே ஓர் இரவில் அதே எண்ணோடு இரண்டு ரயில்கள் தண்டவாளத்தில் இருக்கும். அசாமின் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரை 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் மூன்று நாளைத் தாண்டும். அதை பஸ் கோப்பின் முறையில் எழுதினால் கன்னியாகுமரி வந்துசேரும் நேரம் தொண்ணூறு மணிக்கும் மேல் போய்விடும். ஆகவே தேதிக் கட்டத்தில் போட வேண்டியது பயணி ஏறும் தேதியல்ல, ரயில் அதன் முதல் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய தேதி. சென்னையில் மகளை அழைக்கக் காத்திருப்பவர் அன்றைய தேதியைப் போட்டால், இன்னும் டெல்லியை விட்டே கிளம்பாத ரயிலின் விவரம்தான் வரும்.

இணையமும் ஜி.பி.எஸ்.ஸும் இல்லாமல், செல்போன் கோபுரங்களை மட்டும் வைத்து ஓடும் ரயிலின் இடத்தைச் சொல்லும் ‘வேர் இஸ் மை ட்ரெயின்’, முன்பதிவில்லா டிக்கெட்டுக்கான செயலிகள், சார்ட் தயாராகும் நேரம் ஆகியவை அடுத்த வாரம்.