28 இன்ச் என்றால் எத்தனை?

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகன் கியர் சைக்கிளில் வந்து இறங்கினான். தோளில் மாலை மாதிரி ஒரு பழைய டயர். அவன் தாத்தாவின், அதாவது என் அப்பாவின், ஹெர்குலிஸ் சைக்கிளில் இருந்து கழற்றியது. அந்தச் சைக்கிளை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை.

"மாமா, ஜெர்மனி கடை ஒண்ணு. நம்ம ஊர் விலையோட பாருங்க" என்று போனை நீட்டினான். கூடையில் மூன்று சாமான். கியர் சைக்கிளுக்கு 11 ஸ்பீடு செயின், பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான காசெட். தாத்தா சைக்கிளுக்கு 28 இன்ச் டயர் ஒரு ஜோடி. ஒரு வாரமாகக் கியர் தானாகத் தாவுகிறதாம். செயின் போய்விட்டது என்று அவனே முடிவுகட்டிவிட்டான்.

விலை குறைவுதான், பொய்யில்லை. ஏன் குறைவு என்று தெரிந்துகொண்டால் எங்கே ஏறும் என்பதும் தெரிந்துவிடும் என்று சொல்லி, இன்னொரு டீ சொன்னேன்.

ஜெர்மனியில் விற்பனை வரி 19 சதவீதம். அந்த ஊர்க்காரனுக்கு 100 யூரோ என்று காட்டும் சாமானில் வரி உள்ளடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பினால் அந்த வரி கழிந்து, நமக்கு 84 யூரோ சொச்சம். இன்னொரு காரணமும் உண்டு. சைக்கிள் கம்பெனிகள் செயினையும் காசெட்டையும் மொத்தமாக வாங்கிக் குவிக்கும். மிஞ்சியது கலர் அட்டைப்பெட்டி இல்லாமல் வெறும் பழுப்புப் பெட்டியில் சந்தைக்கு வரும். சாமான் அதேதான், விலை வேறு.

இனி ஏறுமுகம். சுங்கவரி சாமான் விலைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கூரியர் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குத்தான் வரி. 84 யூரோ சாமானுக்கு 16 யூரோ கூலி என்றால், கணக்கு 100-இல் தொடங்கும். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். பேச்சுக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள். 120 ஆச்சு. அந்த 20-இன் மேல் பத்து சதவீதம் கூடுதல் வரி, 122. இத்தனைக்கும் மேல் சொந்த உபயோகத்துக்கு இறக்கும் சாமானுக்கான ஜிஎஸ்டி, அதை 18 என்று வைத்தால் 144-ஐத் தொடும். வரி கட்டிச் சரக்கை எடுத்துத் தந்ததற்குக் கூரியர்காரர் தன் கட்டணத்தைத் தனியாகப் போடுவார். ஆதார் நகலும் கேட்பார். இந்தப் பக்கம் பார்த்தால், 2025 செப்டம்பர் 22 முதல் உள்ளூரில் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது.

"கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொன்னா?" என்றான். பயல் விவரமானவன். அந்தக் கதவை 2019 டிசம்பரில் சாத்திவிட்டார்கள். பரிசு என்ற பெயரில் இறக்குமதி செய்ய உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும்தான் விலக்கு. செயின் இரண்டிலும் சேராது. சில்லறைச் சாமானுக்குப் பலரும் நாடிய சீனத்து அலிஎக்ஸ்பிரஸும் 2020 நவம்பரில் தடையாகிவிட்டது.

பணக்கணக்கு அவ்வளவுதான். உண்மையான வம்பு அளவில் இருக்கிறது. தோளில் கிடந்த டயரை இறக்கச் சொல்லிப் பக்கவாட்டு ரப்பரை எச்சில் தொட்டுத் துடைத்தேன். 28 x 1½ என்று எழுத்து எழும்பி வந்தது. போனில் இருந்த டயருக்கும் 28 இன்ச் என்றுதான் போட்டிருக்கிறான்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. தலைப்பை விட்டுவிட்டுக் கீழே சின்ன எழுத்தைப் படிக்கச் சொன்னேன். 37-622 என்றிருந்தது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, டயர் ரிம்மில் போய் உட்காரும் இடத்தின் விட்டம். ஜெர்மன்காரன் 28 இன்ச் என்று பொதுவாகச் சொல்வது 622. நம் தாத்தாக்களின் 28 இன்ச், 635. வித்தியாசம் 13 மில்லிமீட்டர், ஒரு சுண்டுவிரல் அகலம். ரிம் பெரிது, டயர் சிறிது. எத்தனை லீவர் போட்டு நெம்பினாலும் ஏறாது. 26 இன்ச்சிலும் இதே கூத்து உண்டு. 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதினால் 590. 26 x 1.95 என்று புள்ளி வைத்து எழுதினால் 559. பின்னமும் புள்ளியும் ஒன்றுக்கொன்று சேராது.

இந்த 635 வெள்ளைக்காரன் விட்டுப்போனது. 1949-இல் பிரிட்டனின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கூட்டோடு அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கும்வரை ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியவை. வெளிநாட்டு உதிரிபாகம் நமக்குப் புதுசே இல்லை. இன்றைக்கு அந்த அளவு டயர் தெருமுனைக் கடையில் தொங்குகிறது. அதை ஜெர்மனியில் தேடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையைத் தலைகீழாக்கியது போல.

அவனைக் கேலி செய்ய எனக்குத் தகுதியில்லை. நானும் ஒருமுறை வெளிநாட்டுக் கடையில் காசெட் வாங்கியவன்தான். நாலு வாரம் கழித்து வந்தது, பளபளவென்று. பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் என் ஹப்பில் இருப்பது மரை; ஃப்ரீவீலைத் திருகி ஏற்றும் பழைய ஜாதி. காசெட்டோ பள்ளம் பள்ளமாக வெட்டிய உருளையில் செருகுவது. இரண்டுக்கும் ஒட்டே இல்லை. திருப்பி அனுப்பலாம் என்றார்கள். அனுப்பும் கூலி காசெட் விலையைத் தாண்டியது. இன்னும் பீரோவுக்கு மேல் இருக்கிறது. தெருக் கடையில் வாங்கியிருந்தால் "சேரலையா, கொண்டாங்க சார், மாத்திக்கலாம்" என்பதோடு முடிந்திருக்கும்.

அதற்காகத் தெருக் கடையைத் தெய்வமாக்கவும் மாட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொல்லியே ஒன்பது ஸ்பீடு சைக்கிளில் எட்டு ஸ்பீடு செயினை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டூப்ளிகேட் பிரேக் கட்டையை அசல் விலைக்குத் தருகிறவர்களும் உண்டு. பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுச் சாமான் முறையாக இறங்கியிருந்தால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை மூன்றும் அதில் இருக்கச் சட்டமே இருக்கிறது. இல்லாத பெட்டியை வைத்துவிட்டு வா.

பெரிய ஆன்லைன் கடை என்றால் நிலையானது என்று நம்புவதிலும் ஒரு பிசகு இருக்கிறது. வட அயர்லாந்தில் 1984-இல் ஒரு கணவனும் மனைவியும் திறந்த ஊர்க்கடைதான் வளர்ந்து செயின் ரியாக்‌ஷன் சைக்கிள்ஸ் ஆனது. உலகமெங்கும் பார்சல் அனுப்பினார்கள். 2016-இல் போர்ட்ஸ்மத் நகரத்து விகிள் என்ற ஆன்லைன் கடையோடு இணைந்தார்கள். 2023 அக்டோபரில் இரண்டும் சேர்ந்தே நொடித்தன. அடுத்த ஆண்டு ஃப்ரேசர்ஸ் குழுமம் பெயர்களை வாங்கிக்கொண்டது. பில்லைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவன் உத்தரவாதத்துக்கு யார் வாசலில் போய் நிற்பது?

டீ முடிந்தது. செயினுக்கு நான் தீர்ப்பு சொல்லவில்லை. எதிரே இருக்கும் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்த சக்கரத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஆறங்குல ஸ்கேலை எடுத்தவர், அது போதாது என்று உள்ளே போய் ஓரடி இரும்பு ஸ்கேலைக் கொண்டுவந்தார். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தார். ஒரு கண்ணி அரை இன்ச். ஆக 24 கண்ணிக்குச் சரியாக 12 இன்ச் வரவேண்டும். தேய்ந்த செயினில் கடைசிப் பின் 12 இன்ச் கோட்டைத் தாண்டி நிற்கும். பதினாறில் ஒரு பங்கு இன்ச் தாண்டினால் அரை சதவீத நீட்சி; 11 ஸ்பீடு செயினை அத்தோடு மாற்றிவிடுவது நல்லது. இவன் செயினில் பின்னின் நடு கோட்டின் மேலேயே இருந்தது.

"செயின் புதுசாட்டம் இருக்கு தம்பி. எங்கயாச்சும் வண்டி விழுந்துச்சா?"

போன வாரம் படிக்கட்டில் சாய்ந்து விழுந்ததாம், வலது பக்கமாக. அவர் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். செயினைக் கியருக்குக் கியர் மாற்றும் பின் டிரெய்லரின் இரண்டு சிறு பல்சக்கரமும் காசெட் பல்லுக்கு நேராக நிற்காமல் உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தன. டிரெய்லரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் அலுமினியத் துண்டு வளைந்திருக்கிறது. ஹேங்கர் என்பார்கள். அடி பட்டால் சட்டம் தப்பிக்க, தான் வளையவும் முறியவும் என்றே வைத்த பாகம்.

"இப்போதைக்கு நிமித்தி விடறேன். ஆனா அலுமினியம், மறுபடி வளைஞ்சா பட்டுனு போயிடும். புதுசு போட்டுடுங்க. மாடலுக்கு மாடல் ஷேப் வேற, எங்கிட்ட கிடைக்காது. ஆன்லைன்லதான் பாக்கணும்."

இருபது நிமிஷம் நிமிர்த்தினார். கூலி கேட்டதைக் கொடுத்தோம், பேரம் பேசவில்லை. டயர் ஒரு ஜோடியும் அங்கேயே வாங்கியாகிவிட்டது; பக்கவாட்டில் 28 x 1½ இருக்கிறதா என்று இந்தமுறை அவனே திருப்பிப் பார்த்தான். கூடையில் இருந்த மூன்றையும் நீக்கிவிட்டு, பழைய ஹேங்கரின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அதே உருவத்தைத் தேடினான். முதலில் நம் நாட்டுத் தளங்களில் பார்த்தோம், இல்லை. ஜெர்மன் கடையில் இருந்தது. எடை கைவிரல் மோதிரம் அளவுதான்; ஒன்று வாங்கினாலும் இரண்டு வாங்கினாலும் கூரியர் கூலி மாறவில்லை. இரண்டாக வாங்கச் சொன்னேன்.