பச்சையெல்லாம் பயிரல்ல
கொக்குவிலில் ஒரு வளவுக்குள்ளேயே வீடு, கிணறு, மா, தென்னை, வாழை எல்லாம் அடங்கிவிடும். 1972இல் தொடங்கிய லாண்ட்சாட் செய்மதி வரிசையில், 1982 முதல் வந்த மேம்பட்ட படங்களிலும் ஒரு புள்ளி 30 மீற்றர் சதுரம்; யாழ்ப்பாணக் கணக்கில் ஏறக்குறைய மூன்றரைப் பரப்பு. ஓட்டுக்கூரையும் மாமரமும் அதில் ஒரே நிறமாகக் கலந்துவிடும். சென்டினல்-2 செய்மதியின் 10 மீற்றர் புள்ளி அரைப் பரப்புக்கும் குறைவுதானே என்பார்கள். உண்மைதான், ஆனால் 2015இல்தான் ஏவப்பட்ட அது, அதற்கு முந்திய போர்க்கால மாற்றங்களுக்குச் சாட்சி சொல்லாது.

பசுமையும் ஏமாற்றும். இலைகள் சிவப்பொளியை உறிஞ்சி அகச்சிவப்பைத் தெறிப்பதை வைத்தே அதை அளக்கிறார்கள். 1990இல் மக்கள் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கில் தோட்டக்காணியில் மண்டிய பற்றையும் அந்த அளவையில் செழிப்புத்தான். அப்படியானால் செய்மதி வீணா? இல்லை. எங்கே, எப்போது மாறியது என்பதை அதைப்போல வேறெதுவும் காட்டாது. பற்றையா பயிரா என்றறிய யாராவது வேலியோரம் போயாக வேண்டும்.