பூனைக்கும் குருதிப் பரிசோதனையா?

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் பம்பலப்பிட்டி ஒழுங்கைகளிலும் தொடர்மாடிப் படிக்கட்டுகளிலும் பூனைகளைக் காணாமல் நடக்க முடியாது. ஊரையும் உறவுகளையும் இழந்து வந்து சிறு அறைகளில் தனியே காலம் கழிக்கும் அம்மாக்கள் சிலருக்கு, "சாப்பிட்டியா?" என்று கேட்க மிஞ்சியிருப்பது ஒரு பூனை மட்டுமே. "மனிசருக்கே மருந்துக்குக் காசில்லை, பூனைக்கு இரத்தம் பார்க்கிறதா?" என்று சிரிப்பவர்கள் இதை நினைப்பதில்லை.

வயதான பூனைகளுக்குப் பெரும் எதிரி நாட்பட்ட சிறுநீரக நோய். பத்து வயதைத் தாண்டியவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு இது வருவதாகச் சொல்லப்படுகிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் உருவாவதில்லை. எஞ்சியவை கூடுதலாக வேலை செய்து குறையை மறைத்துவிடுகின்றன. பூனை மெலிந்து, சாப்பாட்டை மறுத்து, சத்தியெடுக்கும்போதுதான் வீட்டாருக்குத் தெரிகிறது.

மிருக வைத்தியர்கள் வழக்கமாகப் பார்ப்பது குருதியிலுள்ள கிரியற்றினின். இது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகத் தொழிற்பாட்டில் முக்கால் பங்களவு போன பின்னரே இது சாதாரண அளவைத் தாண்டும். தசை வற்றிய கிழப்பூனையில் இன்னும் குறைத்தே காட்டும். 2015 அளவில் பாவனைக்கு வந்த எஸ்.டி.எம்.ஏ. என்ற பரிசோதனை தசையில் அவ்வளவாகத் தங்கியிருப்பதில்லை; சராசரியாக 40 வீதத் தொழிற்பாடு குறையும்போதே உயரத் தொடங்குகிறது. ஒரு டெசிலீற்றருக்கு 14 மைக்ரோகிராமுக்கு மேல் தொடர்ந்து நின்றால் கவனிக்க வேண்டும்.

எல்லா ஆய்வுகூடத்திலும் இது கிடைக்கும் என்றில்லை. கிடைக்காவிட்டால் ஏழெட்டு வயதில் ஒருமுறை கிரியற்றினின் பார்த்து, அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருடம் 1.0 என்றிருந்தது 1.5 ஆனால், இரண்டிலும் "சாதாரணம்" என்று எழுதியிருந்தாலும், வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். சிறுநீரின் அடர்த்தியையும் பார்க்கச் சொல்லுங்கள். 1.035 இற்குக் கீழே தொடர்ந்து இருந்தால் சந்தேகிக்க இடமுண்டு.

பூனை அடிக்கடி தண்ணீர் குடிக்கிறதா, மணல் அதிகம் நனைகிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்துப் பார்த்தால் நிறை தெரியும். நேரத்தோடு கண்டால், ஈரலிப்பான, பொஸ்பரசு குறைந்த உணவினால் வருடக்கணக்கில் வாழவைக்கலாம். கருவாட்டை நிறுத்துங்கள். பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு குளிசையே பூனையின் உயிரை எடுத்துவிடும்.

எங்கள் குருதியில் அளப்பதும் இதே கிரியற்றினின்தான். 1990களில் வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்டு, வவுனியாக் கிராமங்களிலும் காணப்படும், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயும் இப்படித்தான் சத்தமின்றி வருகிறது. பழைய செல் காயத்தின் நோவுக்கு டைக்குளோபினாக் போன்ற குளிசைகளை நாள்தோறும் விழுங்கும் சகோதரிகள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். அவையும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. குளிசையை ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளினிக் போகும்போது கிரியற்றினினுடன் சிறுநீரில் அல்புமினும் பார்க்கக் கேளுங்கள். பூனையின் துண்டையும் உங்களுடையதையும் ஒரே உறையில் வைக்கலாம்.