மரத்தின் நிறமும் அதனை வெளிற்றும் முறைகளும்

யாழ்ப்பாணத்து வீடொன்றின் விறாந்தையிலே தேக்கு மரத்தாற் செய்த மேசை ஒன்று கிடக்கின்றது. பாட்டியார் காலத்திற் சீதனமாக வந்தது அது. மூன்று தலைமுறையினர் அதன்மேற் பாடம் படித்தனர், கணக்கெழுதினர், வந்தவர்க்குத் தேநீர் வைத்தனர். மாரிகாலத்தில் ஒருநாள் துருவேறிய இரும்புத் தாங்கியொன்றை யாரோ அதன்மீது வைத்துவிட்டனர். கசிந்த நீர் இரவு முழுவதும் பலகையிலே தேங்கி நின்றது. விடிந்தபின் எடுத்துப் பார்த்தால், அப்பம் ஒன்றின் அளவிலே கரிய வட்டம் ஒன்று பலகையிற் பதிந்திருந்தது. சவர்க்காரமிட்டுத் தேய்த்தனர், மண்ணெண்ணெய் பூசித் துடைத்தனர், தேசிக்காய்ப் புளி விட்டும் பார்த்தனர். கறை சற்றே மங்கியதன்றி மறையவில்லை.

இத்தகைய கறையைக் காணாத வீடு அரிது. இந்நிலையிற் பெரும்பாலார் இரண்டு வழிகளையே எண்ணுவர். ஒன்று, சீவுளி கொண்டு பலகையைச் சீவி எடுத்தல். மற்றது, கறை தெரியாவண்ணம் வர்ணம் பூசி மூடுதல். முன்னதாற் பலகை மெலியும். பின்னதால் மரத்தின் இயற்கை அழகே மறைந்துபோகும். மூன்றாவது வழியொன்றும் உண்டு. மரத்தைக் குறைக்காமலும் மறைக்காமலும் நிறத்தை மாத்திரம் நீக்குவது அது. இரசாயனவியலார் இதனை வெளிற்றல் என்பர். வயிரமற்ற மரத்தை வெளிறு என்பது தமிழ் வழக்கு. வயிரம் கருத்திருக்க, அதனைச் சூழ்ந்த புறமரம் வெளுத்திருத்தலை மரம் அரிவோர் நன்கறிவர்.

மரத்துக்கு நிறம் எங்கிருந்து வருகின்றது? மரத்தின் எடையிற் பாதியளவு செலுலோசு என்னும் பொருளாகும். பருத்திப் பஞ்சும் பெரும்பாலும் அதுவே. அதற்குத் தனியாக நிறம் இல்லை. செலுலோசு நார்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது இலிக்கினின் என்னும் பொருள். இவையன்றித் தனின் முதலிய பலவகைச் சாரங்களும் வயிரத்திலே படிந்துள்ளன. இலிக்கினினும் இச்சாரங்களுமே மரத்துக்கு மஞ்சளும் செம்மையும் கருமையும் தருவன. பலாமரத்தின் வயிரத்தை நீரிலே கொதிக்கவைத்து இறக்கும் மஞ்சட் சாயத்தால் இலங்கையிற் பௌத்த துறவிகளின் சீவரத்துக்கு நிறமூட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்ததை நேயர்கள் அறிவர். மரத்தின் நிறம் அதிலே தங்கிய சாரத்தின் நிறமே என்பதற்கு இது தக்க சான்று.

இச்சாரங்களின் மூலக்கூறுகளிலே காபன் அணுக்கள் ஒன்றுவிட்டொன்றாக இரட்டைப் பிணைப்புக்களால் இணைந்து சங்கிலிபோல் நிற்கின்றன. அச்சங்கிலி ஒளியின் ஒரு பகுதியை விழுங்கி எஞ்சியதைத் திருப்பி அனுப்புகின்றது. அவ்வாறு திரும்பும் ஒளியே நிறமாகக் கண்ணுக்குத் தோன்றுகின்றது. சங்கிலியை ஓரிடத்தில் அறுத்தால், பொருள் அங்கேயே இருப்பினும் நிறம் போய்விடும். ஆகவே வெளிற்றல் என்பது எப்பொழுதும் அழுக்கை அகற்றுதல் அன்று; பல வேளைகளில் அது நிறந்தரும் அமைப்பை உடைத்தலேயாகும்.

நோய் இன்னதென்று அறிந்தபின்னரே மருத்துவர் மருந்து கொடுப்பர். மரத்தை வெளிற்றுவோரும் முதலிற் கறையின் பிறப்பை அறிதல் வேண்டும். இரும்பினால் வந்த கறை, சாயத்தினால் வந்த கறை, மரத்தின் இயற்கை நிறம் என மூவகையாக அவற்றைப் பிரிக்கலாம். ஒன்றுக்கு ஏற்ற மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது.

முதலில் இரும்புக் கறையை நோக்குவோம். கடுக்காய்ச் சாற்றுடன் அன்னபேதியைச் சேர்த்துக் கரிய மை செய்தல் பழைய முறை. கடுக்காயிலுள்ள தனினும் அன்னபேதியிலுள்ள இரும்பும் காற்றுப்படக் கூடி அக்கருமையைத் தருகின்றன. தேக்கு மேசையில் விழுந்த வட்டமும் அதே மைதான். மரம் தனினைக் கொடுத்தது. துரு இரும்பைக் கொடுத்தது. நீர் இரண்டையும் சேர்த்து வைத்தது. ஆணி அடித்த இடத்திற் கண்ணீர்க் கோடுபோலக் கருமை வடிவதும் இக்காரணத்தாலேயே.

இதற்கு மருந்து ஒட்சாலிக்கமிலம். புளியாரைக் கீரையின் புளிப்புக்கு இதன் உப்பே காரணம். அமிலத்தின் பெயரும் அச்செடியினத்தின் இலத்தீன் பெயரிலிருந்தே வந்தது. சுவீடன் நாட்டு இரசாயனவியலார் சீலே 1776ஆம் ஆண்டளவிற் சர்க்கரையிலிருந்து இதனை ஆக்கினார். 1824இல் ஜெர்மனியரான வோலர் உயிர்ப்பொருளின் துணையின்றியே இதனை உண்டாக்கிக் காட்டினார். இவ்வமிலம் இரும்பைத் தனினிடமிருந்து பறித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கின்றது. அச்சேர்க்கை வெளிர்நிறமுடையது, நீரிற் கரைவது. ஆகவே கழுவியவுடன் கறையும் நீரோடு போய்விடுகின்றது. தேசிக்காய்ப் புளியாற் கறை சற்று மங்கியதும் இவ்வகையாலேயே. எனினும் அப்புளியின் வலிமை போதாது. மழையிலும் வெயிலிலும் கிடந்து சாம்பல் நிறம் பெற்ற கதவு, படலை முதலியவற்றையும் ஒட்சாலிக்கமிலம் ஓரளவு தெளிவிக்கும்.

செய்முறை எளியது. முதலிற் பலகையிலுள்ள வார்னிசு, மெழுகு, எண்ணெய் யாவற்றையும் முற்றாக நீக்கவேண்டும்; அவை இருக்குமிடத்திற் கரைசல் மரத்தினுட் செல்லாது. ஒரு லீற்றர் வெந்நீரில் 50 முதல் 100 கிராம் வரை அமிலப் பளிங்குகளை இட்டுக் கரைத்தல் வேண்டும். பாத்திரம் கண்ணாடியாகவோ பிளாத்திக்காகவோ இருக்கட்டும், இரும்பு வேண்டாம். கறை விழுந்த வட்டத்தில் மாத்திரம் தடவினால், கறை போனபின் அவ்விடம் வெள்ளைத் திட்டாக நின்று காட்டிக்கொடுக்கும். எனவே பலகை முழுவதும் ஒரே சீராகத் தடவுதல் நன்று. காய்ந்தபின் பளிங்குத்தூள் படிந்திருக்கும். அதனைத் தட்டிவிடாமல் நீரால் இரண்டு மூன்று முறை கழுவி, அப்பச்சோடாவோ வெங்காரமோ கரைத்த நீரால் மீண்டும் துடைத்து, மறுபடியும் நன்னீரால் அலம்பவேண்டும். அமிலம் எஞ்சியிருந்தால், பின்னர் பூசும் வார்னிசு கெடும். மணற்கடதாசி இட்டுத் தேய்க்கையில் எழும் தூசி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும்.

இரண்டாவது, சாயக் கறை. துணிச் சாயமோ வர்ண மையோ கொட்டிய இடத்தில் ஒட்சாலிக்கமிலம் பெரும்பாலும் பயன் தராது. அங்கு வேண்டுவது குளோரீன். சீலே 1774இற் கண்ட இவ்வாயு நிறத்தை அழிக்கும் என்பதைப் பிரான்சியரான பெர்த்தொலே 1785இல் துணி வெளுக்கும் தொழிலுக்குப் பயன்படுத்திக் காட்டினார். அதற்கு முன் ஐரோப்பியர் துணியைப் பல வாரங்கள் புல்வெளியில் விரித்து வெயிலில் வெளுக்கவிடுவர். கிளாஸ்கோ நகரத்துச் சார்ல்ஸ் தெனன்ற் 1799இற் குளோரீனைச் சுண்ணாம்பிற் செலுத்தி வெளிற்றுந் தூளைச் செய்தற்கு உரிமை பெற்றார். கிணறுகளைச் சுத்திசெய்ய இடப்படும் தூள் இதுவே. சலவைக்கென விற்கப்படும் திரவத்திலே சோடியம் உபகுளோரைற்று உண்டு. இதனைச் சாயக்கறைமேற் பூசிச் சிறிது நேரம் விட்டு, நீராற் பலமுறை கழுவினால் நிறம் நீங்கும். மரத்தின் இயற்கை நிறத்தை இது அதிகம் மாற்றுவதில்லை. ஆகையாற் சாயத்தை மாத்திரம் நீக்க விரும்புவோர்க்கு அது குறையன்று, நன்மையே.

மூன்றாவது, மரத்தின் இயற்கை நிறத்தையே வெளிற்றுதல். ஒரு மேசையின் நான்கு பலகைகளுள் ஒன்று மாத்திரம் கருத்திருந்தால் அதனை ஏனையவற்றோடு ஒப்பச் செய்யவும், பழுதுபார்க்கையிற் சேர்த்த துண்டைப் பழைய பலகையின் நிறத்துக்குக் கொண்டுவரவும் இது வேண்டப்படும். 1940களிலும் 1950களிலும் வட அமெரிக்காவிலே வெளிர்நிறத் தளபாடங்களுக்கு மோகம் மிகுந்தபோது இம்முறை பெருவழக்காயிற்று. இதற்குரியது ஐதரசன் பேரொட்சைட்டு. பிரான்சியரான தெனார் 1818இல் இதனைக் கண்டறிந்தார். புண் கழுவ மருந்துக்கடையில் விற்பது நூற்றுக்கு மூன்று பங்கு வலிமை உடையது. மரத்துக்கு வேண்டுவதோ ஏறக்குறைய முப்பது பங்கு வலிமையுடையது. பெயர் ஒன்றாயினும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதல் ஆகாது.

இம்முறைக்குக் கரைசல்கள் இரண்டு. முதலாவது எரிசோடாக் கரைசல். அதனைத் தடவியதும் பலகை வெளுப்பதற்குப் பதிலாகக் கருக்கும். புதியவர் திகைத்துப் போவர், திகைக்கவேண்டியதில்லை. தனின் மிக்க மரங்கள் காரம் பட்டாற் கருமையடைதல் இயல்பு. சில நிமிடங்களின் பின் பேரொட்சைட்டைப் பூசினால் நுரை எழும்பும். எரிசோடாவின் காரத்தன்மை பேரொட்சைட்டின் செயலைத் தூண்ட, அது நிறச் சங்கிலிகளைத் தாக்கி உடைக்கின்றது. சிறிது நேரத்திற் பலகை படிப்படியாக வெளுத்துவரும். ஓரிரவு விட்டு, நீர் கலந்த வினாகிரியால் துடைத்துக் காரத்தை நீக்கிப் பின் நன்னீரால் அலம்பவேண்டும். ஈரம் முற்றாக உலர ஓரிரு நாட்கள் செல்லும். மரநார்கள் எழுந்து சொரசொரப்பாய் இருக்கும். மெல்லிய மணற்கடதாசியால் இலேசாகத் தடவினாற் போதும். அழுத்தித் தேய்த்தால் வெளுத்த படை போய்ப் பழைய நிறம் எட்டிப்பார்க்கும்.

இவையன்றிப் பழைய தொழிலாளர் கையாண்ட முறை மற்றொன்றுண்டு. பொற்றாசியம் பரமங்கனேற்றை நீரிற் கரைத்துப் பூசுவர்; ஊதாநிறம் கபிலமாக மாறும். பின்னர் சோடியம் இருசல்பைற்றுக் கரைசல் தடவ, அக்கபில நிறமும் மரத்தின் நிறத்திற் சிறிதும் நீங்கும். பேரொட்சைட்டு முறையளவுக்கு இது வெளுப்பைத் தருவதில்லை.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. மேசையின் கறை போகாவிட்டால் இழப்பு மேசையோடு நின்றுவிடும். மருந்தைக் கையாளத் தவறினால் இழப்பு மனிதருக்கு. மேற்கூறிய மூன்று முறைகளையும் ஒன்றோடொன்று கலத்தல் அறவே கூடாது. வெளிற்றுந் தூளுடனோ சலவைத் திரவத்துடனோ ஒட்சாலிக்கமிலம் சேர்ந்தால் குளோரீன் வாயு வெளிப்படும். 1915ஆம் ஆண்டு பெல்ஜியத்து ஈப்பர் போர்க்களத்திலே படைவீரரைக் கொன்ற வாயு இதுவே. பேரொட்சைட்டு முறையின் முடிவில் வினாகிரி நன்மை செய்கின்றது. குளோரீன் முறையின் முடிவில் அதே வினாகிரி நஞ்சை எழுப்புகின்றது. ஆதலால் "அங்கே விட்டது இங்கேயும் உதவும்" என எண்ணுதல் பேராபத்து. ஒருமுறை பயன் தராவிட்டாற் பலகையை நன்கு கழுவி, முற்றாக உலரவிட்ட பின்னரே மற்றதைத் தொடவேண்டும்.

எரிசோடாவை நீரிற் சிறிது சிறிதாக இடவேண்டும். எரிசோடாவின்மேல் நீரை ஊற்றினாற் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடும். வன்மையான பேரொட்சைட்டு தோலைச் சுட்டு வெண்மையாக்கும். கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும். அதில் நனைந்த கந்தலைக் குப்பையில் எறிந்தால் தீப்பற்றவுங்கூடும். கந்தலை நீரில் அலம்பிய பின்னரே எறிதல் வேண்டும். றப்பர்க் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமுள்ள முற்றத்திலே வேலை செய்வதே முறை. மேலிற் பட்டால் உடனே ஏராளமான நீராற் கழுவுதல் வேண்டும். கண்ணிற் பட்டாற் கழுவியபின் மருத்துவரை நாடவும் வேண்டும்.

மிஞ்சிய கரைசலை வெற்றுச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுக்களைத் தட்டிலே வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒட்சாலிக்கமிலக் கரைசல் பார்வைக்குத் தண்ணீர். பளிங்குகளோ சீனியும் உப்பும் போன்றவை. உட்கொண்டால் அவ்வமிலம் குருதியிலுள்ள கல்சியத்தைப் பற்றிச் சிறுநீரகத்தை அழிக்கும். விளையாடிக் களைத்துவரும் பிள்ளை அப்போத்தலை எடுத்தால் நிகழ்வது யாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வேண்டிய அளவே கரைத்தல், மிஞ்சியதைப் பெருந்தண்ணீர் கலந்து உடனே அகற்றுதல், பளிங்குகளைப் பெயர் எழுதிய கலத்திலிட்டுப் பூட்டிவைத்தல் ஆகிய மூன்றும் கடமைகள்.

வெளிற்றலுக்கு எல்லையும் உண்டு. கருங்காலியின் கருமை இம்மருந்துகளுக்கு இணங்காது. இணங்குமாயினும் அதனை வெளுக்க முயல்வது அம்மரத்தை அவமதிப்பதாகும். வெளுத்த பலகையும் வெயில் படும் இடத்தில் வைத்தாற் காலப்போக்கில் நிறம் மாறும். மெல்லிய மேற்பலகை ஒட்டிய தளபாடத்தில் நீர் அதிகம் ஊறினால் ஒட்டு விட்டுப்போகும். எனவே எம்முறையையும் முதலில் மேசையின் அடிப்புறத்திலே சிறிய இடமொன்றிற் சோதித்துப் பார்த்தல் அறிவுடைமை.

விறாந்தையிற் கிடந்த அந்தத் தேக்கு மேசைக்கு வேண்டியது ஒட்சாலிக்கமிலம் மாத்திரமே. குளோரீனும் பேரொட்சைட்டும் அதற்கு வேண்டா. இருமுறை தடவிக் கழுவி உலர்த்தினால் வட்டம் மறையும். எண்ணெய் பூசினால் தேக்கின் பொன்னிறம் திரும்பும். அதன் ஓரத்திலே யாரோ ஒரு மாணவர் பேனாக்கத்தியாற் கீறிய பெயர் இருக்கும், அது கறையன்று. எதனை நீக்கவேண்டும், எதனை விட்டுவைக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு தூரிகையைக் கையில் எடுப்பவருக்கே இக்கலை நன்மை தரும்.