உமிச்சாம்பலும் உறுதிக் கட்டடமும்

பயனற்ற முயற்சியை உமி குற்றுதலோடு ஒப்பிடுதல் நம்மவர் வழக்கு. எனினும், உமிக்கரியினாற் பல் விளக்கவும், சாம்பலினாற் பாத்திரந் துலக்கவும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். அச்சாம்பல் கட்டடத்துக்கும் உறுதி தரவல்லது என்பதை இக்கால ஆராய்ச்சி காட்டியுள்ளது. தமிழாசிரியராகிய நாம் இதனை எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பளிக்கலாம். 1990 இற்குப் பின் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்திற் சீமெந்து கிடைத்தற்கரிதாயிருந்ததைக் கண்டு வளர்ந்தோம். அதனால் எழுந்த ஈடுபாடே இது.

நெற்பயிர் மண்ணிலுள்ள சிலிக்காவை நீரோடு உறிஞ்சி உமியிற் சேர்த்து வைக்கின்றது. 1000 கிலோகிராம் நெல்லிலிருந்து ஏறக்குறைய 200 கிலோகிராம் உமியும், அதனை எரித்தால் ஏறக்குறைய 40 கிலோகிராம் சாம்பலும் கிடைக்கும். நன்கு எரிந்த சாம்பலில் நூற்றுக்கு 90 பங்களவு சிலிக்காவேயாம்.

சீமெந்து நீரோடு கூடி இறுகும்போது, கல்லையும் மணலையும் பிணிக்கும் பசைப்பொருள் உண்டாகின்றது. உடன் நீறிய சுண்ணாம்பும் தோன்றுகின்றது. இது வலிமைக்குப் பெரிதும் உதவாது. நீரிற் கரைந்து நுண்டுளைகளுக்கு வழிவிடும். சாம்பலிலுள்ள சிலிக்கா இச்சுண்ணாம்போடு சேர்ந்து அதனையும் பசைப்பொருளாக மாற்றுகின்றது. துளைகள் அடைபட, உப்பு உட்புகுந்து இரும்புக் கம்பியை அரித்தல் குறைகின்றது. கடற்காற்று வீசும் எம் குடாநாட்டிற் கம்பி துருவேறி வீங்க, கொங்கிறீற்று வெடித்துதிர்ந்த வீடுகளைக் காணாதார் யார்?

இக்கருத்து முற்றும் புதிதன்று. உரோமர் நேப்பிள்சு நகரையடுத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து கடலுள் அமைத்த துறைமுகச் சுவர்கள் சில இன்றும் நிலைத்துள்ளன. உமிச்சாம்பலை 1970 ஆம் ஆண்டுகளிற் கலிபோணியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. கே. மேத்தா விரிவாக ஆராய்ந்தார்.

ஆயினும் எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. ஏறக்குறைய 700 பாகை செல்சியசுக்கு மேற்படாது எரித்த சாம்பலே நன்கு தொழிற்படும். வெப்பம் மிகின் சிலிக்கா பளிங்குருப் பெற்றுச் செயல் குன்றும். அதன் நுண்டூள் நுரையீரலுக்குந் தீங்காகும். முற்ற எரியாத கரிய சாம்பலிலோ காபன் எஞ்சி நிற்கும். ஆதலின் ஆலை அடுப்பினின்று அள்ளியபடியே கலத்தல் தகாது. மிக நுண்ணிதாக அரைத்து, 50 கிலோகிராம் சீமெந்துக்கு ஈடாக 5 முதல் 7.5 கிலோகிராம் வரை சேர்ப்பது பொருந்தும். சாம்பல் நீரை மிகுதியும் உறிஞ்சும். அதற்கென நீரைப் பெருக்கின் உள்ள வலிமையுங் குறையும். நீரைக் கூட்டாது கலவையை இளக்கும் பொருள்கள் இதற்கென உள. முதலிற் சிறு கட்டிகளாக வார்த்து, ஈரங்காயாது பேணி, 28 ஆம் நாள் நசுக்கிச் சோதித்தல் வேண்டும்.

இத்துணைத் தொல்லை எதற்கு என வினவலாம். 1950 முதல் 1990 வரை காங்கேசன்துறையில் எம் சுண்ணக்கல்லை அகழ்ந்தே சீமெந்து ஆக்கினர். எம் கிணற்று நீரைத் தாங்கி நிற்பதும் அக்கல்லே. அகழ்ந்த கல் மீள முளையாது. உமியோ போகந்தோறும் வரும்.

எம் இரசாயன மாணவர் வன்னி ஆலைகளின் சாம்பலைக் கொண்டு இச்சோதனையைத் தொடங்குதல் கூடும். பொறியியலாளராய் விளங்கும் பழைய மாணவர் அவர்க்கு வழிகாட்ட வேண்டுகின்றோம். அவ்வாறாயின் உமி குற்றியும் பயன் கண்டோர் ஆவோம்.