குடை பிடிக்காத டைனோசர்!

சிகாகோவுக்குப் போகிற எவரும் முதலில் செய்கிற காரியம், அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொள்வது. நானும் செய்தேன். முன்பு சியர்ஸ் டவர், 2009-லிருந்து வில்லிஸ் டவர். 110 மாடி! அதை நிற்கவைக்கக் கணக்குப் போட்ட என்ஜினீயர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவராம். அதைக் கேட்டதும் ஏதோ நம்ம பக்கத்து வீட்டுப் பையன் கட்டின மாதிரி ஒரு பெருமை.

103-வது மாடியில் சுவருக்கு வெளியே கண்ணாடிப் பெட்டி ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. காலுக்குக் கீழேயும் கண்ணாடி.

"வாங்க மாமா, ஒண்ணும் ஆகாது" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க போய்ட்டு வாங்க மாப்பிள்ளை. நான் செருப்பைப் பார்த்துக்கறேன்!" (அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை என்பது வேறு விஷயம்.)

கீழப்பழுவூர்க்காரனுக்கு ஏரி என்றால் மதகு இருக்கணும், எதிர்க்கரை தெரியணும். மிஷிகன் ஏரியில் இரண்டும் இல்லை. சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைச்சல். மெரினா மாதிரி மணல், அலை. சந்தேகம் தீர ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை!

"ஐயோ அப்பா, அதையெல்லாம் வாயில வைக்காதீங்க" என்று மகள் அலறினாள்.

ஊரே சுத்திகரித்துக் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். அந்தக் காலத்தில் ஊர்ச் சாக்கடையையும் சிகாகோ ஆறு கொண்டுவந்து இதிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. என்ன செய்தார்கள் தெரியுமோ? 45 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, 1900-ல் ஆற்றையே எதிர்த் திசையில் ஓட விட்டுவிட்டார்கள். சாக்கடை மிஸிஸிப்பி பக்கம் போய்விட்டது. கீழே இருந்த மிசௌரி மாநிலம் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடி, 1906-ல் தோற்றுப்போனது. தண்ணீர் வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போகிற நமக்கு, தண்ணீர் வேண்டாம் என்று போனவர்கள் கதை புதுசுதானே!

1893-ல் விவேகானந்தர் பேசிய கட்டடத்தையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஃபீல்ட் மியூசியத்துக்குப் போனோம். அங்கேதான் எனக்கு மனசு கெட்டுப்போயிற்று.

கண்ணாடிக்குப் பின்னால் அல்ல, கண்ணுக்கு நேரே நிற்கிறது 'சூ' என்கிற டி.ரெக்ஸ் டைனோசர். நாற்பதடி நீள எலும்புக்கூடு. 1990-ல் தெற்கு டகோட்டாவில் கிடைத்தது. மெக்டொனால்ட்ஸ், டிஸ்னி எல்லாம் பணம் போட, 1997-ல் 83.6 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்திருக்கிறார்கள். நிஜ மண்டை ஓடு ரொம்ப கனம் என்று அதற்குத் தனிப் பெட்டி, தனி மரியாதை! மெயின் ஹாலில் அர்ஜென்டினாக்காரர் ஒருவர், 122 அடி. அவர் அச்சு வார்ப்புதான். அதற்கே அத்தனை கூட்டம்.

எங்கள் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டிலும் ஒருத்தர் இருந்தார், ஸார். எங்கள் வட்டாரம் ஒரு காலத்தில் கடல். இன்றைக்குச் சிமெண்டாகிற சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் போட்டுவிட்டுப் போனது. கடல் பின்வாங்கிய கரையில் இந்த ஆசாமி திரிந்திருக்கிறார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-ல் 'ப்ருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். மகா உடம்புக்காரர் என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழே உள்ள ஒரே எலும்பு 2 மீட்டர்! உலகத்திலேயே பெரிய டைனோசர் இதுவாக இருக்கலாம் என்கிறவர்களும் உண்டு. எலும்பே அல்ல, கல்லாய்ப்போன மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. சண்டையைத் தீர்க்க எலும்பை எடுத்துக் காட்டினால் போச்சு.

அதுதான் முடியாது. வெளியே எடுக்கும்போதே உதிர ஆரம்பித்த எலும்புகள், பாதுகாக்க வழியில்லாமல் பொடிப்பொடியாகிவிட்டன. மிச்சம் இருப்பது சில படங்கள். பழைய போட்டோக்கள்கூட 2022-ல்தான் வெளிவந்தன. வாரணவாசியில் இன்றைக்கு ஒரு ஃபாஸில் மியூசியம் இருக்கிறது. போனால் அம்மோனைட் சுருள்களைப் பார்க்கலாம். கல்லமேட்டுக்காரரைப் பார்க்க முடியாது.

'சூ'வின் காலடியில் நின்று இதையெல்லாம் ஏழு வயசுப் பேத்திக்குச் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டாள்.

"இப்ப அது எங்கே தாத்தா?"

"காத்துலயும் மழையிலயும் உதிர்ந்து போச்சும்மா."

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"யாருமே குடை பிடிக்கலையா?"