ஓய்விலும் ஓடும் இதயம்

மாடிப்படிகளில் ஓடி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. தேர்வு அறையில் வினாத்தாள் கைக்கு வரும்போதும் படபடக்கிறது. இவற்றில் வியப்பில்லை. ஆனால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இதயம் வேகமாகத் துடித்தால் அது இயல்பா, நோயா?

முதலில் எண்ணிப் பார்ப்போம். ஐந்து நிமிடம் அமைதியாக அமருங்கள். இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்லப் பதியுங்கள். கட்டைவிரலால் நாடி பார்க்காதீர்கள். அதிலும் துடிப்பு இருப்பதால் கணக்குக் குழம்பும். கடிகாரத்தைப் பார்த்து 60 விநாடி எண்ணுங்கள். உங்கள் வயதினருக்கு இந்த எண் பெரும்பாலும் 60 முதல் 100க்குள் இருக்கும். பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்கு 60க்கும் குறைவாக இருப்பதுண்டு.

இந்த வேகத்தை நிர்ணயிப்பது யார்? இதயத்தின் வலது மேலறைச் சுவரில் ‘சைனோ-ஏட்ரியல் கணு’ என்னும் சிறு திசு உள்ளது. ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்ற இருவர் 1907இல் இதனை விவரித்தனர். துடிப்பைத் தூண்டும் மின்குறிப்பு இங்குதான் பிறக்கிறது. இக்கணுவை அதன் போக்கில் விட்டால் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு கடிவாளம்போல் இழுத்துப் பிடிப்பதால்தான் அது 70 அளவில் நிற்கிறது. அச்சத்தின்போது கடிவாளம் தளர்கிறது, அட்ரினலின் சாட்டையாகிறது.

ஆகவே, வேகத் துடிப்பு பல வேளைகளில் வேறொன்றின் அறிவிப்பே. காய்ச்சலில் உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் துடிப்பு சுமார் 10 கூடும். வயிற்றுப்போக்கால் நீர் குறைந்தாலும் கூடும். இரத்த சோகையில் ஹீமோகுளோபின் குறைவு. சிறிய வண்டி அதிக நடை போவதுபோல, ஆக்சிஜனைச் சேர்க்க இதயம் அதிக முறை துடிக்கிறது. தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பதும், மிகுந்த காப்பியும் காரணமாகலாம்.

இன்னொரு வகை உண்டு. சிலருக்கு இதயத்தின் மின்பாதையிலேயே கோளாறு இருக்கும். அப்போது துடிப்பு படிப்படியாக ஏறாது. விளக்கைப் போட்டாற்போல் திடீரெனத் தொடங்கி, 150க்கு மேல், சிலருக்கு 200க்கும் மேல் ஓடி, திடீரென நின்றுவிடும். இதில் என்ன தீங்கு? நிமிடத்திற்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்பின் காலம் 0.8 விநாடி. அதில் சுமார் 0.5 விநாடி இதயம் தளர்ந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்கிறது. 200 துடிப்பில் மொத்தக் காலமே 0.3 விநாடிதான்! நிரம்பாத இதயம் எதை வெளியே அனுப்பும்? தலை சுற்றுகிறது.

மருத்துவரிடம் போவதற்குள் இது நின்றுவிடுவதால், “வெறும் பயம்” என்று பிறர் ஒதுக்கிவிடக்கூடும். எனவே எழுதி வையுங்கள்: எப்போது தொடங்கியது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், நாடி எத்தனை, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி நின்றது? இந்தக் குறிப்பும் ஈ.சி.ஜி. படமும் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

ஓய்வு நாடி பல நாள்கள் 100க்கு மேலிருந்தாலும், திடீர்ப் படபடப்பு மீண்டும் மீண்டும் வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். வேகத் துடிப்புடன் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் சிறிதும் காத்திராதீர்கள். தமிழ்நாட்டில் 108ஐ அழைக்கலாம். விளையாடும்போதே ஒருவர் மயங்கி விழுந்தால், எழுந்துவிட்டாலும் மீண்டும் ஆடவிடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால், அதையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சிப் படபடப்பை மறைக்காதீர்கள். மின்பாதைக் கோளாறுகள் பலவற்றை இன்று முற்றிலும் குணப்படுத்த முடியும். அதற்கு முதல் படி, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ வாய்திறந்து சொல்வதே.